பகல் சப்பரமும் பதினான்கு சிவப்புக் கோட்டுகளும்

எங்கள் ஊர் பேண்டு செட்டில் பதினான்கு பேர். கிளாரினெட் நான்கு, ட்ரம்பெட் மூன்று, ஈபோனியம் இரண்டு, சைடு டிரம் மூன்று, தாளம் ஒன்று, பெரிய டிரம் ஒன்று. பெரிய டிரம் என் தம்பி. அவனுக்கு அறுபத்தாறு வயது. எனக்கு எழுபத்தொன்று. அவன் அடிப்பான், நான் எண்ணுவேன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் ரயில்வேயில் சீட்டு கொடுக்கிற வேலையில் இருந்தவன். கடைசிப் பத்து வருஷம் மொரப்பூர் ஸ்டேஷனில். கூட்ஸ் வண்டி நிற்காமல் போனாலும் பெட்டிகளை எண்ணாமல் விடமாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குப் பெட்டிகள் இல்லை. அதனால் வீட்டில் தோசை, தெருவில் விளக்குக் கம்பம், கோயிலில் ஆட்கள். என் மனைவி இதைப் பற்றிச் சொல்லாத வார்த்தை இல்லை. எண்ணுகிறவன் கவலைப்படுகிறவன் என்பது உண்மைதான். ஆனால் பேண்டுக்காரர்களும் வெயிலும் என்ற விஷயத்தில் நான் கவலைப்பட்டது வீண் போகவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மே மாதம் முதல் ஞாயிறு எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் திருவிழா. காலையில் பாடற்பூசை. அது முடிந்து பத்தரை மணிக்குப் பகல் சப்பரம் புறப்படும். இரவில் மின்விளக்குத் தேர் வேறு இருக்கிறது. அது வெளியூர்க்காரர்கள் பார்க்க. பகல் சப்பரம் ஊர்க்காரர்களுக்கு. ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் சொரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் சுமந்து மூன்று தெருவையும் சுற்றி வருவார்கள். பழைய குடும்பங்கள் முப்பத்தொன்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சப்பரம் நிற்கும். வீட்டார் தட்டில் உப்பும் மிளகும் கொண்டுவந்து சப்பரத்தின் மேல் கொட்டி, மாலை போடுவார்கள். அது முடியும்வரை பேண்டு அந்த வீட்டைப் பார்த்து நின்று ஒரு பாட்டு முழுக்க, இரண்டு சுற்று வாசிக்க வேண்டும்; வீட்டுக்கு வீடு பாட்டு மாறும். இது எங்கள் ஊர் மரியாதை. ஒரு வீட்டுக்கு நான்கு நிமிடம் என்று வையுங்கள். நடக்கிற நேரம் மொத்தமே இருபது நிமிடம்தான். நிற்கிற நேரம் இரண்டு மணிக்கும் மேல். தார் ரோட்டில், தலைக்கு நேரே சூரியன், கழுத்துவரை பொத்தான் போட்ட சிவப்புக் கோட்டு, அதற்கு உள்ளே துணி, தலையில் இறகு வைத்த தொப்பி.

கோட்டைப் போட்டுவிட்டால் சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை பொத்தானைக் கழற்றக் கூடாது, பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம். யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ட்ரம்பெட் வாசிக்கிறவர்கள், தண்ணீர் குடித்தால் உதடு ஊறிப்போய் சுருதி இறங்கிவிடும் என்பார்கள். டிரம் அடிக்கிறவனுக்கு உதடு எதற்கு என்று கேட்டால், வழக்கம் என்பார்கள்.

போன திருவிழாவுக்கு முந்தைய திருவிழாவில் என் தம்பி விழுந்தான்.

இருபத்தெட்டாவது வீடு அது. மூலையில் மாவு மில் வைத்திருக்கிற அம்மாவின் வீடு. பாட்டு பாதியில் இருக்கும்போது டிரம்மோடு முழங்காலில் உட்கார்ந்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். அப்போது எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். சப்பரத்தின் மேல் அதுவரை இருபத்தேழு வீட்டு உப்பு குவிந்திருந்தது. புனிதருடைய உப்பு, வயிற்று வலி முதல் மாட்டுக்கு வரும் நோய்வரை எல்லாவற்றுக்கும் மருந்து. ஒருவர் கை நிறைய அள்ளி அவன் வாயில் போட்டார். இன்னொருவரும் போட்டார். தண்ணீர் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. சப்பரம் இன்னும் திரும்பவில்லையே! பொத்தானும் போட்டபடியே இருந்தது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவன் வாந்தி எடுத்து, பேச்சுக் குழறிப் போயிருந்தான்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்.

"உப்பு குடுத்தீங்களா? சரி. தண்ணி?"

"தண்ணி குடுக்கலீங்க."

"வெறும் உப்பா?"

"மிளகும் கொஞ்சம் இருந்துச்சுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெயிலுக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஒருவன் உளறினாலோ தடுமாறினாலோ முதலில் நிழல், பிறகு துணியைத் தளர்த்தி உடம்பு முழுக்க ஈரம், விசிறி, அதோடு நூற்றெட்டுக்குப் போன். நினைவு சரியில்லாதவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, போடவும் கூடாது. இவற்றை நான் அப்போதே மனதில் ஏற்றிக்கொண்டேன்.

தம்பி பிழைத்து வந்தான். ஆனால் பேண்டு பிழைக்குமா என்று ஆகிவிட்டது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒரு யோசனை சொன்னார். பகல் சப்பரத்துக்கு முன்னால் டிராக்டரில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டுவிடலாம். பேண்டு இரவுத் தேருக்கு மட்டும் போதும். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

நேரத்தை மாற்றினால் என்ன என்று நான் கேட்டேன். காலையில் பூசைக்கு வெளியூர்ச் சாமியார்கள் வருவதால் முன்னால் நகர்த்த முடியாது, சாயங்காலம் தேர் ஜோடிக்கிற வேலை, பன்னிரண்டு மணிக்குச் சப்பரம் வயல் ஓரம் நின்று நிலத்தை மந்திரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

என் தம்பி எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவன்.

"சாமி, பதினாறு வயசுல இந்த டிரம்மைத் தூக்குனேன். ராத்திரி தேருக்கு அடிக்கறது வெளியூர்க்காரன் கேக்கறதுக்கு. பகல்ல அடிக்கறதுதான் எங்க சாமிக்கு. டிராக்டர் வந்துச்சுன்னா நா இந்த டிரம்மை இனிமே தொடமாட்டேன். ஒரு வருசம் குடுங்க."

சாமியார் யோசித்தார். "ஒரு வருஷம் சரி. ஆனா ஒருத்தர் விழுந்தாலும் அடுத்த வருஷம் டிராக்டர்தான். உயிர் போனா நான் யாருக்குப் பதில் சொல்வேன்?"

அவர் சொன்னது நியாயம். நான் எழுந்து, யாரும் விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உட்காரும்போது தம்பி காதோரம் சொன்னான்: "நீ எங்கணா பாக்கப் போற? விழுந்தவன எண்ணிக்கிட்டு நிப்ப."

விழ யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் என் கணக்கு.

முதலில் நிழலை எண்ணினேன். பன்னிரண்டு மணிக்குத் தெருக்களைச் சுற்றிவந்தேன். மற்ற நேரத்து நிழல் ஏமாற்றும். சப்பரம் போகும் வழியில் அந்த நேரத்துக்கு உண்மையான நிழல் ஆறு இடத்தில்தான் இருந்தது. புளியமரம் இரண்டு, வேப்பமரம் ஒன்று, பள்ளிக்கூடத்து வராந்தா, மாந்தோப்பு ஓரம், கடைசியாக மூலையில் ரேஷன் கடைக்கு எதிரே உள்ள புங்கமரம். வாசல் வாசலாக நிற்பதற்குப் பதில் இந்த ஆறு நிழலில் சப்பரம் நிற்கட்டும், வீட்டார் உப்புத் தட்டோடு அங்கே வரட்டும் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன்.

மாவு மில் அம்மா எழுந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் இறந்த பிறகு மில்லைத் தனியாக ஓட்டுகிறவர். குரல் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"டேசன்காரரே, நல்லா இருக்குதுங்க உங்க நாயம்! போன வருசம் என் வூட்டு வாசல்லதான் பாட்டு பாதியில நின்னுச்சு. மாலைகூட சரியா போடல. இந்த வருசம் வாசலுக்கே வராதா? எங்க சாமிய மரத்தடியில போயி பாக்கறதுக்கு நா என்ன பஸ்ஸுக்கா நிக்கறேன்?"

கூட்டம் சிரித்தது. என் யோசனை விழுந்தது. ஆனால் பாதி கிடைத்தது. வாசலில் பாட்டு இரண்டு சுற்றுக்குப் பதில் ஒரு சுற்று. ஐந்து வீட்டுக்கு ஒரு முறை நிழலில் பத்து நிமிடம் ஓய்வு.

அடுத்தது கோட்டு. பதினான்கு கோட்டுகளையும் கொண்டுவரச் சொன்னேன்; வந்தவற்றை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் தையல் தெரிந்தவள். ஒரு கோட்டைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்குள்ள ஒரு போர்வையே இருக்குது. மார்கழியில போட்டா நல்லா இருக்கும்."

உள்துணி முழுவதையும் பிரித்து எடுத்தாள். அக்குளில் காற்றுப் போக ஓட்டை வைத்தாள். வெளியே இருந்து பார்த்தால் பழைய கோட்டேதான், சரிகை உட்பட. பதின்மூன்று கோட்டு முடிந்தது. பதினான்காவது ஓசூரில் இருந்தது. அது என் தம்பி மகனுடையது. அங்கே ஒரு கம்பெனியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. உடம்பு கொஞ்சம் பெருத்துவிட்டதால் அங்கேயே புதுக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தான். அது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பதின்மூன்று என்பது பதினான்கு ஆகாது.

தண்ணீர் விஷயம்தான் கடினம். எத்தனை சொன்னாலும் தலையாட்டிவிட்டுக் குடிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தம்பியைத் தனியாக உட்காரவைத்து, உண்மையான காரணம் என்ன என்று கேட்டேன்.

"உதடுதான்."

"நீ டிரம் அடிக்கறவன்."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். "கால்சட்டையில ஆறு பொத்தானுணா. மேல கோட்டு, அதுக்கு மேல டிரம் பெல்ட்டு. நடுத்தெருவுல அவசரம்னா எங்க போறது? பொம்பளைங்க எல்லாம் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க. அதுக்குக் குடிக்காமலே இருந்தரலாம்."

இதற்குத்தான் எத்தனை வருஷமாக உதடும் சுருதியும்! என் மனைவி கால்சட்டைகளில் பொத்தானை எடுத்துவிட்டு ஜிப் வைத்தாள். பாதி வழியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தேன். வழக்கம் என்பதற்குச் சாமியார் உதவினார். பூசையில் தண்ணீரையும் சேர்த்து மந்திரித்துக் கொடுத்தார். "உப்பு அவரோடதுன்னா தண்ணியும் அவரோடதுதான்" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். மந்திரித்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அதில் டாக்டர் சொன்ன அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஆறு நிழலிலும் வைத்தோம்.

கடைசியாகப் பழக்கம். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஒத்திகையை உச்சிவெயிலுக்கு மாற்றினேன். முதல் நாள் கால் மணி நேரம், அதுவும் கோட்டு இல்லாமல். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, கடைசி நான்கு நாள் கோட்டோடு. கொத்தனார், டைல்ஸ் ஒட்டுகிறவர், டிராக்டர் ஓட்டுநர், மாந்தோப்புக் காவல் என்று உள்ளூரில் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிடுவார்கள். மூன்றாம் நாளே ஈபோனியம்காரர், "டேசன்காரரே, வெயிலுக்கும் அட்டவணை போட்டுட்டீங்க, சூரியன் லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். அவருக்கு முதல் நாளைவிட வியர்வை சீக்கிரம் வருவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உடம்பு கற்றுக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம்.

தம்பி மகன் மட்டும் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத்தான் பஸ்ஸில் வந்து இறங்கினான். லீவு கிடைக்கவில்லை. அவனிடம் நான் நேராகச் சொன்னேன்: நாளைக்கு வாசிக்க வேண்டாம், இல்லை என்றால் பாதி தூரம் மட்டும்.

"பெரியப்பா, நா தெனம் ஜிம்முக்குப் போறேன். எங்க அப்பாவுக்கு அறுபத்தாறு. எனக்கு இருபத்தெட்டு. நீங்க தப்பான ஆளப் பாத்துப் பயப்படறீங்க."

தம்பி குறுக்கே வந்தான். "சைடு டிரம் மூணு இருந்தாத்தான்ணா சத்தம் நெறையும். அவன் நெழலுக்கு நெழல் உக்காந்துக்குவான். உள்ளூருல இருக்கறவன் மட்டும்தான் வாசிக்கணும்னா அவன் எதுக்கு ஊருக்கு வரான்?"

சொல்லுக்குச் சொல் தலையாட்டினான் பையன். கோட்டைக் கொடு, உள்துணியைப் பிரித்துவிடுகிறேன் என்று என் மனைவி கேட்டாள். புதுசு பெரியம்மா, பாழாகிவிடும் என்றான்.

மறுநாள் பத்தரைக்குச் சப்பரம் புறப்பட்டது. நான் தம்பியின் வலப்பக்கம் ஒரு குடையும் வாளியில் நனைத்த துண்டுமாக நடந்தேன்.

"சாமிக்குக் குடை புடிக்காம எனக்குப் புடிக்கறியே, சனங்க சிரிக்குது."

"சிரிக்கட்டும். துண்டக் கழுத்துல போடு."

அவன் அடியை எண்ணிக்கொண்டே வந்தேன். பழக்கமான பாட்டுக்கு என் தம்பியின் கை கடிகாரம் மாதிரி. வெயில் ஏறினால் முதலில் தளர்வது அந்தக் கையாகத்தான் இருக்கும் என்பது என் தீர்மானம். முதல் நிழலில் எல்லோரும் குடித்தார்கள். இரண்டாவதிலும். பள்ளிக்கூடத்தில் ஜிப்புக்கு நல்ல பெயர் கிடைத்தது. பன்னிரண்டு மணிக்கு வயல் ஓரம் சாமியார் நிலத்தை மந்திரித்தபோது பதினான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் இரண்டு முறை எண்ணினேன். மாந்தோப்பு ஓரம் ஐந்தாவது ஓய்வு. தம்பியின் முகத்தில் வியர்வை ஓடியது. அது நல்லது. அவன் மகனைப் பார்த்தேன். மரத்தில் சாய்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். கையில் டம்ளர் இருந்தது. குடித்தானா என்று பார்க்கவில்லை. டம்ளரை எண்ணினேன், வாயைப் பார்க்கவில்லை.

இருபத்தாறு. இருபத்தேழு. அடுத்தது மாவு மில் வீடு.

வாசலில் புதுக் கோலம். அந்த அம்மா பட்டுச் சேலையில், தட்டில் உப்பைக் கோபுரமாகக் குவித்து வைத்துக்கொண்டு நின்றார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை பார்க்கிறேன் என்கிற மாதிரி ஒரு நிமிர்வு. பேண்டு அவர் வீட்டைப் பார்த்துத் திரும்பியது. பாட்டு தொடங்கியது. எட்டு அடி, பன்னிரண்டு அடி.

பெரிய டிரம் நின்றது.

குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தம்பியைப் பிடித்தேன். அவன் என்னை உதறினான்.

"என்னப் பாக்காதணா! பின்னால பாரு!"

பெரிய டிரம் நின்றதும் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரே ஒரு சைடு டிரம் மட்டும் அடங்கவில்லை. தம்பி மகன் அடித்துக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. முகம் கோட்டைவிடச் சிவப்பு. கை சுத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் அது இந்த வீட்டுப் பாட்டு இல்லை.

"போன வூட்டுப் பாட்ட அடிச்சிக்கிட்டு இருக்கான்" என்றான் தம்பி. "ரெண்டு வாட்டி திரும்பிப் பாத்தேன். என்னத் தெரியாத மாதிரி பாக்கறான்."

ஐம்பது வருஷமாக நடுவில் நிற்காத டிரம். விழுந்தபோதுகூட ஆள் விழுந்ததால்தான் நின்றது. இப்போது அவனே நிறுத்தினான். அதுவும் அந்த அம்மா வாசலில்.

பையன் விழவில்லை. விழுவதற்கு முன்னால் கொத்தனாரும் டிராக்டர் ஓட்டுநரும் இரண்டு பக்கமும் பிடித்து நாற்பது அடி தள்ளி இருந்த புங்கமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டத்தில் ஒருவர் பழக்கதோஷத்தில் சப்பரத்து உப்பை அள்ளினார்.

"கீழ போடு அத!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பிளாட்பாரத்தில்கூடக் கத்தியதில்லை. "வாயில ஒண்ணும் போடக் கூடாது. கோட்டக் கழட்டு. வெலகி நில்லுங்க, காத்து வரட்டும். நூத்தியெட்டுக்கு அடிங்க."

புதுக் கோட்டின் பொத்தான் இறுக்கமாக இருந்தது. தம்பி இழுத்த இழுப்பில் இரண்டு தெறித்தன. உள்ளே கெட்டித் துணி, அதற்குள்ளே பனியன். என் வாளித் தண்ணீர் ஒரே ஊற்றில் தீர்ந்தது. அப்போது மாவு மில் அம்மா வந்தார். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மில்லில் இருந்து கோணிச் சாக்குகளைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு பெண்கள் குடங்களோடு.

"தள்ளுங்கய்யா. சாக்குல போட்டு மூடுங்க. காயக் காய ஊத்தணும்."

"மூட வேண்டாங்க, ஈரம் படட்டும், மேல விசிறணும்" என்றேன்.

"சரி, நீங்க விசிறுங்க, நா ஊத்தறேன்."

நான் உப்புத் தட்டால் விசிறினேன். அவருடைய தட்டுதான். அந்த உப்புக் கோபுரம் எங்கே கொட்டியதோ தெரியாது.

சில நிமிடங்களில் பையனின் பார்வை எங்கள் முகங்களில் வந்து நின்றது. என்னை யார் என்று கேட்டேன். பெரியப்பா என்றான். இது எந்த வீடு என்றேன். மில் வீடு என்றான். எனக்குத் திருப்தி இல்லை.

"நூறுல இருந்து ஏழு ஏழா கொறச்சிச் சொல்லு."

அவன் என்னையே பார்த்தான்.

"பெரியப்பா, நல்லா இருக்கும்போதே எனக்கு இது வராது."

மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கிறேன் என்று ஆரம்பித்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நான் கொடுத்த துண்டு அது. அதற்கு அன்றைக்கு நிறைய வேலை இருந்தது.

தெளிவாகப் பேசிய பிறகு கலவைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். ஆம்புலன்ஸ் வந்தது. பார்த்தவர்கள், குளிரவைத்தது நல்லது, ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றார்கள். அவன் அம்மா கூட ஏறிக்கொண்டாள். தம்பியும் ஏறப் போனான்.

"அப்பா, நீ இரு. இன்னும் நாலு வூடு இருக்குது" என்றான் பையன்.

சப்பரம் நடுரோட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. சுமந்தவர்கள் முட்டுக்கம்பு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பாட்டு இல்லாமல் சப்பரம் ஓரடி நகரக் கூடாது என்பதும் ஊர் வழக்கம். சுமந்தவர்களில் ஒருவர், "சாமி மட்டும் எதுக்கு வெயில்ல நிக்குது?" என்றார். யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் தூக்கிவிட்டார்கள். பாட்டு இல்லாமலே நாற்பது அடி வந்து புங்கமரத்தடியில் நின்றது.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டிராக்டர் எங்கள் இருவர் நடுவிலும் நின்றுகொண்டிருந்தது.

தம்பி முன்னால் வந்தான். "சாமி, எம்பையன் விழல. ஆனா விழ இருந்தான். நா சால்ஜாப்பு சொல்லல. பாட்ட நடுவுல நிறுத்துனது நாந்தான். இந்த அம்மா வாசல்ல ரெண்டாவது வருசமும் நின்னுபோச்சு. நீங்க என்ன சொன்னாலும் சரி."

சாமியார் வாயைத் திறப்பதற்குள் மாவு மில் அம்மா குறுக்கிட்டார். சேலை முழுக்க ஈரம், சாக்கு நாற்றம்.

"ஸ்பீக்கரு இருந்திருந்தா அது பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருந்திருக்குங்க சாமி. பின்னால எவன் சாயறான்னு அதுக்கு எப்படித் தெரியும்? பேண்டு இல்லாட்டியும் சப்பரம் தூக்கறவன் வெயில்லதான நிப்பான், அவனும் மனுசந்தான? இந்த டிரம்முக்காரரு கண்டுபுடிச்சாரு. எனக்கு டிராக்டர் வேணாம். எம்பாட்டு பாக்கி இருக்குது. அத முழுசா வாசிக்கச் சொல்லுங்க. இங்கயே. இந்த மரத்தடியிலயே."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "சிரிக்காதீங்க டேசன்காரரே."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பும் இல்லை.

"அப்ப அடுத்த வருஷமும் பேண்டுதான்" என்றார் சாமியார். "ஆனா சப்பரம் நிழல்லதான் நிக்கும். ஆறு இடம். டேசன்காரர் சொன்ன மாதிரி."

மிச்சம் இருந்த மூன்று வீட்டாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்து வந்தார்கள். ஒருவருக்கும் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவு மில் அம்மா உள்ளே போய்த் தட்டில் மறுபடியும் உப்பு வைத்துக்கொண்டு வந்தார். தம்பி டிரம்மை மாட்டிக்கொண்டான். கோலை எடுத்தான். எடுத்தவன் எதையோ நினைத்துக்கொண்டு கோலைக் கக்கத்தில் இடுக்கி, கழுத்துப் பொத்தானைக் கழற்றினான். அடுத்ததையும் கழற்றினான். கிளாரினெட்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மற்ற பன்னிரண்டு கோட்டுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பாட்டு இரண்டு சுற்றும் முழுசாக நடந்தது. நான் அடியை எண்ணவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் சாயங்காலமே வீடு வந்துவிட்டான். இந்தப் பொங்கலுக்கு வந்தபோது அந்தப் புதுக் கோட்டைத் தானாகவே கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தான். தெறித்துப்போன பொத்தான் இரண்டையும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னதாக லீவு சொல்லியிருக்கிறானாம். போதாது. இரண்டு வாரம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இல்லை என்றால் இரவுத் தேருக்கு மட்டும்தான் அடிப்பான். இந்தத் தடவை தம்பி குறுக்கே வரவில்லை.

கவலை ஒன்று இருக்கிறது. போன வாரம் மின்வாரியத்தார் கம்பிக்குத் தட்டுகிறது என்று இரண்டாவது புளியமரத்தில் பெரிய கிளையை வெட்டிவிட்டார்கள். ஆறு நிழல் என்பது இப்போது ஐந்தரைதான். மாவு மில் அம்மாவிடம் சொன்னேன். நாற்றுப் பண்ணையில் கட்டுகிற பச்சை வலையை வாங்கி, மில் வாசலில் இருந்து ரோடுவரை பந்தல் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

"வாசலுக்கே நெழலு வந்துருச்சுன்னா சாமி என் வாசல்லயே நிக்கும் இல்லீங்க?"

கணக்குப்படி அது சரி. ஆறரை.